சோளகத்துக்கு எதிரே மூன்று போத்தல்

என் மகனுக்கு,

நீ சுகமாய் இருக்கிறாய் என்று தெரியும். நேற்றுத் தொலைபேசியில் அரைமணி நேரம் உன் புதுக் காரைப் பற்றிக் கத்தினாயே, சுகமில்லாதவன் அப்படிக் கத்தமாட்டான். முழுக்கச் சார்ஜ் ஏற்றினால் திரையில் நானூற்றிருபது கிலோமீற்றர் என்று காட்டுகிறது, போன சனிக்கிழமை குளிரில் ஹீற்றரையும் போட்டுக்கொண்டு ஓடினால் இருநூற்றெண்பதோடு சரி, விற்றவன் உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்றாய். அதைச் சொல்லி முடித்த அதே வாயால், உன் கல்யாணத்தன்று முந்நூற்றுப் பத்துக் கிலோமீற்றரை ஒரே ஓட்டமாக ஓடி ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் நிற்போம் என்று பெண்ணின் தகப்பனுக்குச் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னாய். நோர்வேயில் அந்த மாதமும் பனி கிடக்கும் என்று நீதான் எங்களுக்குத் தடித்த சட்டை வாங்கச் சொன்னவன். அந்தக் காரின் பின்சீற்றில் கூறைச்சேலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கப்போவது நானும் உன் அம்மாவும். ஆகவே இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கும் உரிமை உண்டு.

உன் அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நீ சொன்னதை ஒன்றும் விடாமல் அவளிடம் சொன்னேன். துருவலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "தேப்பனுக்குப் பிறந்த பிள்ளைதான்" என்றாள். அவள் சிரித்தது உனக்கும் கேட்டது, ஏன் என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கள் கல்யாணப் படத்தில் தலைப்பாகையும் மாலையுமாக நான் கார் ஓட்டும் இடத்தில் இருப்பதைப் பார்த்து, சின்ன வயதில் நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய். மாப்பிள்ளை ஏன் கார் ஓட்டினார், ஏன் பிந்திப் போனார் என்று. காபரேற்றரில் தூசு அடைத்துவிட்டது என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். அது பொய். இத்தனை வயதுக்குப் பிறகு அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் உன் காரில் ஏறப் பயமாக இருக்கிறது.

எண்பத்தேழாம் ஆண்டு. கரம்பொனில் எனக்கு ஒரு பழைய இங்கிலீசுக் கார் இருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகாட்டுவான் துறை வரை வாடகைக்கு ஓடுவேன். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்களைத் துறையில் இறக்கிவிட்டு, வள்ளத்தில் வந்திறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். அந்த ஆண்டு தீவுப்பக்கம் பெட்ரோல் வருவது நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் எப்படியோ கிடைத்தது. நாங்களும் சும்மா இருக்கவில்லை, மண்ணெண்ணெயில் கார் ஓட்டப் பழகிக்கொண்டோம். சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருப்போம். நாலு சொட்டைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் தாங்கியில் இருக்கும் மண்ணெண்ணெயைக் குடிக்கவிட வேண்டும். வெள்ளைப் புகை ஊரெல்லாம் போகும். காரில் ஏறியவரின் சட்டை இரண்டு நாளைக்கு மணக்கும். ஆனாலும் ஓடும்.

எண்ணெய் காட்டும் முள் நான் அந்தக் காரை வாங்கும்போதே செத்துவிட்டது. அதனால் எத்தனை போத்தல் ஊற்றினேன், எத்தனை மைல்கட்டை கடந்தேன் என்று எண்ணித்தான் ஓட்டுவது. ஒரு பின்னேரம் குறிகாட்டுவானில் ஆட்களை இறக்கிவிட்டு வெறுங்காராகத் திரும்பும்போது, அளந்தே பார்த்துவிடுவோம் என்று ஒரு போத்தல் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஐந்து கட்டை ஓடியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மற்றக் கார்க்காரர் மூன்றரை, நாலு என்று அழுதுகொண்டிருந்த காலம் அது. அன்று காரில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை, தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று முதுகுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது, தாங்கியின் அடியில் முன்பு ஊற்றியதும் கொஞ்சம் கிடந்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ண விருப்பமில்லை, அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து "என்ர கார் போத்தலுக்கு அஞ்சு கட்டை" என்று துறையில் நிற்கும் எல்லாருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சத்தியமாகிவிட்டது. ஒரு மாதத்தில் என் பெயர் மறைந்து அஞ்சுகட்டை என்ற பெயர் வந்தது. கல்யாணம் பேசப் போன தரகர்கூட, மாப்பிள்ளை ஒரு போத்தலில் ஐந்து கட்டை ஓட்டுகிற கெட்டிக்காரன் என்று புங்குடுதீவில் உன் அம்மா வீட்டில் சொல்லியிருக்கிறார்.

கல்யாணம் ஆனி மாதத்தில் வந்தது. கல்யாண வீட்டில் பெற்றோமாக்ஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை என்று கேள்விப்பட்டு, என்னிடம் இருந்த முழுக் கானையும் முதல் நாளே அனுப்பிவைத்தேன். பெருந்தன்மை என்று ஊர் சொன்னது. மூன்றே மூன்று போத்தலைக் காருக்கு வைத்துக்கொண்டேன். கரம்பொனிலிருந்து பெண்வீட்டுக்குப் பன்னிரண்டு கட்டை வரும், மூன்று போத்தலுக்குப் பதினைந்து கட்டை ஓடும், பிறகென்ன. உன் மாமி, அதுதான் என் அக்கா, இன்னும் இரண்டு போத்தலைக் கடன்வாங்கியாவது ஊற்றடா என்று இரண்டு தரம் சொன்னாள். என் காரைப் பற்றி எனக்குச் சொல்லித்தருகிறாளே என்று கோபம்தான் வந்தது. ஓட்டுவதற்கும் வேறு ஆள் இல்லை. மண்ணெண்ணெயில் அந்த எஞ்சினைச் சமாளிக்க என்னால் மட்டும்தான் முடியும் என்று சொல்லி, மாப்பிள்ளைக் கோலத்தில் நானே ஏறி இருந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன், உன் அம்மாவின் தம்பி, உன்னுடைய மாமா. பின்னால் மாமி, மாமியின் புருஷன், எங்கள் பகுதிப் பெரியம்மாமார் இருவர். கூறைத் தட்டம், தாலி, பலகாரப் பெட்டி, போதாததற்கு ஒரு முழு வாழைக்குலை. பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். தாலியும் என்னோடு காருக்குள், நானும் காருக்குள்.

வேலணை தாண்டும் வரைக்கும் நான்தான் ராசா. புங்குடுதீவுக்குப் போகக் கடலின் குறுக்கே போட்ட தாம்போதி வீதி இருக்கிறதே, அதில் ஏறியதும் சோளகம் நேரே முகத்தில் வந்து அடித்தது. கண்ணாடியெல்லாம் உப்புத் தண்ணீர். கார் முக்கிக்கொண்டு போனது. நடுத் தாம்போதியில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அப்போது ஒன்பது மணி கடந்திருக்கும். எண்ணெய் முடிந்துவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், மகனே. பக்கத்தில் இருப்பது பெண்ணின் தம்பி. அஞ்சுகட்டையின் கார் எண்ணெய் முடிந்து நடுக்கடலில் நின்றது என்று அவன் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். முகூர்த்தத்தைக்கூட இரண்டாவதாகத்தான் நினைத்தேன். இறங்கிப் பொனற்றைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, காபரேற்றரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து மரியதாஸ் அண்ணை சைக்கிளில் வந்தார். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்றொழிலாளி, புங்குடுதீவில் மீன் விற்கப் போகிறவர். பின்கரியரில் மீன்பெட்டி. காற்றுக்கு எதிரே மிதிக்க முடியாமல் உருட்டிக்கொண்டு வந்தவர், எங்களைக் கண்டதும் நின்றார்.

"தம்பி, எண்ணெய் முடிஞ்சுதோ? முடிஞ்சா சொல்லுங்கோ, அங்கால வாங்கிக் குடுத்துவிடுறன்."

"எண்ணெய் கிடக்கு. காபரேற்றரில தூசு" என்றேன் நான், தலையை வெளியே எடுக்காமல்.

அவர் போய்விட்டார். காலடியில் வந்து நின்ற உதவியை நானே வழியனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகும் இருபது நிமிஷம் அந்தக் காபரேற்றரை ஊதினேன், துடைத்தேன், பூட்டினேன், கழற்றினேன். உன் மாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் இறங்கி, பலகாரப் பெட்டி கட்டியிருந்த ஓலையிலிருந்து ஒரு ஈர்க்கை இழுத்தெடுத்து, தாங்கி மூடியைத் திறந்து உள்ளே விட்டாள். வெளியே எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். காய்ந்த ஈர்க்கு. உன் மாமா சிரிப்பை அடக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது அவன் கோபமாக நிற்கிறான் என்று நினைத்து நான் வேர்த்துப்போனேன்.

என்ன செய்வது? புங்குடுதீவுப் பக்கம் தள்ளினால் காற்று ஒரு அடி நகர விடவில்லை. வேலணைப் பக்கம் திரும்பினால் காற்றும் சேர்ந்து தள்ளும், கரையில் இருக்கும் கடையில் எண்ணெய் இருக்கும். காரைத் திருப்பினோம். பெரியம்மாமாரும் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். நான் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையால் ஸ்ரியறிங்கையும் மறுகையால் கதவையும் பிடித்துத் தள்ளினேன். கார் நல்ல வேகமாகவே உருண்டது. தாம்போதியின் அந்தப் பக்கத்தில் எங்களை வரவேற்க மேளக்காரரோடு பெண்வீட்டார் நிற்கிறார்கள் என்பதோ, அந்த வெட்டவெளியில் ஒரு காகம் திரும்பினாலும் அவர்களுக்குத் தெரியும் என்பதோ எங்கள் ஒருவருக்கும் நினைவில்லை.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் மரியதாஸ் அண்ணைதான். அவர் போய்ச் சேர்ந்ததும், மாப்பிள்ளையின் கார் ஏன் நிற்கிறது என்று அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் எல்லாம் இருக்கிறதாம், ஏதோ தூசாம் என்றிருக்கிறார் அவர். சொல்லி வாய் மூடவில்லை, கார் திரும்பி வந்த வழியே போகிறது, தள்ளுகிற ஆட்கள் அந்தத் தூரத்துக்குத் தெரியவில்லை. எண்ணெய் உள்ள கார் திரும்பிப் போனால் அதற்கு வேறென்ன அர்த்தம்? சீதனத்தில் கிணற்றுப் பங்கைச் சரியாக எழுதவில்லை என்று எங்கள் சித்தப்பா போன கிழமைதான் முறுகியிருந்தார். அந்த முறுகல்தான் இது என்று எல்லாரும் முடிவு செய்து, மரியதாஸ் அண்ணையையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். உன் அம்மாவின் தகப்பன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் கிணற்றுப் பங்கை இப்போதே எழுதிக்கொடுப்போம் என்கிறார், இன்னொருவர் போனவன் போகட்டும் என்கிறார். அந்த ஆரவாரத்தில் பாதி அலங்காரத்தோடு உள்ளேயிருந்து வந்தவள் உன் அம்மா. மற்றவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே மரியதாஸ் அண்ணையிடம் போனாள்.

"காருக்குள்ள எத்தினை பேர் அண்ணை?"

"ஆறு பேர் பிள்ளை. ஒரு வாழைக்குலையும் கிடந்தது."

"எண்ணெய் கிடக்கு எண்டு சொல்லேக்க, உங்கட முகத்தைப் பார்த்தவரோ?"

"இல்லைப் பிள்ளை. பொனற்றுக்குள்ள தலையை வைச்சுக்கொண்டு சொன்னவர்."

அவ்வளவு போதும் அவளுக்கு. எண்ணெய்தான் முடிந்திருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறார் என்று தகப்பனுக்குச் சொல்லிவிட்டு, விளக்குக்கு நான் அனுப்பிய கானிலிருந்து நாலு போத்தலை நிரப்பச் சொல்லி மரியதாஸ் அண்ணையின் சைக்கிளில் கட்டிவிட்டிருக்கிறாள். காற்று முதுகில் தள்ள அவர் பறந்து வந்தார். எங்களுக்கு வேலணைக் கரைக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கிறது, மாமி மூச்சிரைக்க வாழைக்குலையைத் திட்டிக்கொண்டு தள்ளுகிறாள், பின்னால் சைக்கிள் மணி கேட்கிறது. எண்ணெயை ஊற்றி, மடியில் செருகியிருந்த மருந்துப் போத்தலின் கடைசிச் சொட்டுப் பெட்ரோலை விட்டுக் கிளப்பினேன். வெள்ளைப் புகையோடு திரும்பிப் போனோம். மரியதாஸ் அண்ணையின் சைக்கிளைப் பின்னால் கட்டி, அவரையும் உள்ளே திணித்துக்கொண்டோம். ஏழு பேர். மீன்பெட்டி மடியில் கூடாது என்று பெரியம்மாமார் சத்தம் போட்டதில் அது கூரைக்குப் போனது, கல்யாண வீட்டில் வேலிக்கு வெளியே நின்றது. பத்தே காலுக்குத் தாலி கட்டினேன். கைகள் இரண்டும் மண்ணெண்ணெய் மணம். மேளம் உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா குனிந்த தலை நிமிராமல் என்னோடு முதல் வார்த்தை பேசினாள்.

"சோளகத்துக்கு மூண்டரைக் கட்டைதான்."

எனக்கு அப்போது விளங்கவில்லை. பயத்தில் ஓம் என்றேன்.

விற்றவன் உன்னை ஏமாற்றினான் என்கிறாயே, அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். என் ஐந்து கட்டை பொய்யல்ல. அது ஓடியது, நான்தான் ஓட்டினேன். ஆனால் ஒரு நாள், ஒரு ஆள், ஒரு பக்கத்துக் காற்று. உன் காரின் நானூற்றிருபதையும் எங்கோ ஒருவன் இதமான வெயிலில் வழுவழுப்பான வீதியில் வெறுங்காராக ஓட்டித்தான் கண்டிருப்பான். அவனுக்கு அது மெய். உனக்குப் பனியும் ஹீற்றரும் மேட்டு வீதியும் பின்சீற்றில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், உன் அம்மா எத்தனை பெட்டி கட்டுவாள் என்று உனக்குத் தெரியும். காரோடு சண்டை பிடிக்காதே. நீ நாளாந்தம் ஓடுகிற வீதியில், நாளாந்தம் ஏறுகிற ஆட்களோடு ஓடிப்பார், அதில் வருவதுதான் உன் எண். கல்யாணத்தன்று பாதி வழியில் நிறுத்திச் சார்ஜ் ஏற்று. அந்த நேரத்தில் நாங்கள் இறங்கிக் காலை நீட்டிக்கொள்கிறோம், அம்மா கட்டிக்கொண்டு வரும் புட்டையும் சாப்பிடலாம். பெண்ணின் தகப்பனை இன்றைக்கே கூப்பிட்டு, ஒன்பதில்லை, பத்தரை ஆகும் என்று சொல்லிவிடு. முன்கூட்டிச் சொன்னால் அது செய்தி, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கிணற்றுப் பங்கு வரைக்கும் போய்ப் பார்த்தவன் சொல்கிறேன். வழியில் யாராவது நின்று கேட்டால் பொனற்றுக்குள் இருந்து தலையை எடுத்து, இருப்பதைச் சொல். உனக்குப் பொனற்றுக்குள் எஞ்சினே இல்லை என்கிறாய், அது நல்லதுதான்.

நான் திருந்திவிட்டேன் என்றும் நினைத்துவிடாதே. மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். நீ பிறக்கும்போது உன் அம்மா புங்குடுதீவில் தாய்வீட்டில் இருந்தாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று போத்தல் போதும், அந்தத் திசைக்குக் காற்றும் நம் பக்கம். நான் பத்துப் போத்தலோடு போனேன். சீற்றுக்கு அடியில், கால்மாட்டில், டிக்கியில் எல்லாம் போத்தல். பிள்ளைப்பேற்று நோ எடுத்துக்கொண்டிருந்த உன் அம்மா, இது காரா கடையா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். உன்னை முதன்முதல் கையில் வாங்கிய தாதி, பிள்ளைக்கு மண்ணெண்ணெய் மணக்கிறது என்று என்னை ஏசினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு என்னை எதைச் சொல்லி ஏசியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கல்யாணத்தின் நாலாம் சடங்கு முடிந்த பின்னேரம், சொந்தக்காரர் எல்லாம் போய், வீட்டில் கொஞ்சம் சத்தம் குறைந்தபோது, நானும் உன் அம்மாவும் முதன்முதல் தனியாகப் பேசினோம். மரியதாஸ் அண்ணை சொன்ன கதை அதற்குள் என் காதுக்கு வந்திருந்தது. எல்லாரும் என்னை ஓடிப்போனவன் என்று சொன்ன நேரத்தில், கோயிலில் ஒரே ஒருதரம் கண்ட பெண் எப்படி என்னை நம்பினாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நாலு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எல்லாரும் நான் ஓடீட்டன் எண்டு சொல்லேக்க, நீர் ஏன் நம்பேல்லை?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் கண்டதில்லை.

"ஆறு பேரையும் ஒரு வாழைக்குலையையும் ஏத்திக்கொண்டு, சோளகத்துக்கு எதிர அஞ்சு கட்டை ஓடும் எண்டு நம்பி வெளிக்கிட்ட மனுசனுக்கு ஒருத்தரையும் ஏமாத்தத் தெரியாது" என்றாள். "ஆனா இனி எண்ணெய் முடிஞ்சா எனக்குச் சொல்லுங்கோ."

அதன்பிறகு எத்தனையோ இடத்தில் எங்களுக்கு எண்ணெய் முடிந்திருக்கிறது, மகனே. ஒவ்வொரு தரமும் முதலில் அவளுக்குத்தான் சொன்னேன்.

உன் அப்பா